நாய் அழவில்லை

மிகையுணர்ச்சி என்று ஒரு சொல் இருக்கிறது. விமர்சகர்களுக்கு அது ரொம்பச் சௌகரியம். படைப்பைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆங்கிலச் சித்திரக்காரர் எட்வின் லாண்ட்ஸீருக்கு (1802–1873) நேர்ந்த கதி இதுதான். விக்டோரியா மகாராணியின் செல்லப் பிராணிகளைப் படமாக எழுதி, 1850-ல் 'ஸர்' பட்டம் பெற்றவர் அவர். பெயரைச் சொன்னதும், "மிருகங்களுக்கு மனிதக் கண்ணீர் வைத்தவர்தானே?" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

எந்தப் படத்தில் கண்ணீர் என்று நான் கேட்கிறேன்.

1837-ல் அவர் எழுதிய படம் ஒன்று. இறந்துபோன கிழ இடையனின் சவப்பெட்டி; அதன்மேல் ஒரு கம்பளி. பக்கத்தில் வேதப் புத்தகமும் மூக்குக் கண்ணாடியும். நாய் தன் மோவாயைப் பெட்டிமீது வைத்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். அது அழவில்லை, ஊளையிடவில்லை. எஜமான் எங்கே இருக்கிறானோ அங்கே போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்த நாயும் செய்கிற காரியம். 1843-ல் ரஸ்கின் இந்தப் படத்தைப் பாராட்டியது சும்மா அல்ல.

லாண்ட்ஸீரிடம் குற்றமே இல்லை என்று நான் வாதாடவில்லை. 1839-ல் எழுதிய 'கம்பீரமும் துடுக்கும்' படத்தில் ஒரு பெரிய வேட்டை நாயும் ஒரு குட்டை நாயும் கூண்டு வாசலில் இருக்கின்றன. ஒன்று ஜமீன்தார் மாதிரி, மற்றது எடுபிடிப் பையன் மாதிரி. நாயைக் காட்டி நம்மையே நமக்குக் காட்டிச் சிரிக்கவைக்கிறார். இது உணர்ச்சி மிகுந்ததால் வந்த குற்றமா? இல்லை. நாயை நாயாகப் பார்க்கும் பரிவு குறைந்ததால் வந்தது. நமது விமர்சகர்களோ இரண்டு படங்களுக்கும் ஒரே முத்திரை குத்துகிறார்கள்.

1864-ல் எழுதியதை என்ன சொல்வார்கள்? 1845-ல் பிராங்க்ளினோடு வடதுருவக் கடலுக்குப் போன 129 பேர் திரும்பவில்லை. லாண்ட்ஸீர் இரண்டு பனிக்கரடிகளை எழுதினார். ஒன்று கப்பல் கொடியைக் கிழிக்கிறது. மற்றது மனித எலும்பைக் கடிக்கிறது. படம் லண்டனுக்கு அருகே ராயல் ஹாலோவே கல்லூரியில் இருக்கிறது. அதைப் பார்த்தால் தேர்வில் தோற்போம் என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை. தேர்வு நாட்களில் பிரிட்டிஷ் கொடியால் மூடிவிடுகிறார்கள். கண்ணீர் பிழிகிறவர் என்று பழிக்கப்பட்ட மனிதர், மூடிவைக்க வேண்டிய படத்தையும் எழுதியிருக்கிறார்!

கதை படிக்கிற நண்பர்களுக்கும் இதையே சொல்கிறேன். ஒரு பக்கத்தைப் படித்துக் கண் கலங்கினால் வெட்கப்படாதீர்கள். கலங்கவைத்தது மெய்யா பொய்யா என்று மட்டும் கேளுங்கள்.