பிக்கப் வாங்கப் போகிறீர்களா?

தோட்டப்புறத்திலும், தோட்டத்தை விட்டு மலிவு வீடுகளுக்குக் குடிவந்த நம்மவர் மத்தியிலும் இப்போது பேச்செல்லாம் பிக்கப் வண்டியைப் பற்றித்தான். முன்பெல்லாம் பிக்கப் என்றால் அது மானேஜர் வண்டியாக இருக்கும், இல்லாவிட்டால் மளிகைச் சாமான் கொண்டுவரும் கடைக்காரர் வண்டியாக இருக்கும். நம் ஆட்கள் லோரியின் பின்னால் நின்றுகொண்டு போனார்கள். இன்று நம் பிள்ளைகள் டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், மிட்சுபிசி டிரைட்டன் என்று பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். கேட்க நமக்கு மகிழ்ச்சிதான்.

இது வெறும் ஆடம்பரம் என்று சிலர் ஏளனம் பேசுகிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. புல் வெட்டும் காண்ட்ராக்ட் எடுத்த இளைஞனுக்கு மெஷினையும் ஆட்களையும் ஏற்றிப் போக வண்டி வேண்டும். இரண்டு மூன்று ஏக்கர் செம்பனை வைத்திருப்பவருக்குக் குலைகளைச் சாலைக்குக் கொண்டுவர வண்டி வேண்டும். இரவுச் சந்தையில் கடை போடுகிறவருக்கும் அதே கதைதான். வண்டி இல்லாதவன் அடுத்தவன் வண்டிக்கு வாடகை கொடுத்தே தேய்ந்து போகிறான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஆற்றுக்கும் அருவிக்கும் போக, தூண்டிலை எடுத்துக்கொண்டு கடலோரம் போக நம்மவருக்கும் ஆசை இருக்கக் கூடாதா என்ன? வாரம் ஆறு நாள் வெயிலில் நிற்கிறவனுக்கு ஏழாவது நாள் நிழல் வேண்டாமா?

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு ஆசைப்படுவோம்.

நான்கு கதவுள்ள புது பிக்கப் இன்று ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டுகிறது. விலை 1,20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். தவணைக் கொள்முதல் சட்டப்படி பத்தில் ஒரு பங்காவது முன்பணம் கட்ட வேண்டும். அது 12,000 வெள்ளி. மீதி 1,08,000 வெள்ளிக்குக் கடன். இந்நாட்டில் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்துவந்த தட்டை வட்டி முறையில், நூற்றுக்கு 3 வீதம், ஒன்பது ஆண்டு என்று போட்டால் வட்டி மட்டும் 29,160 வெள்ளி. மாதம் 1,270 வெள்ளி கட்ட வேண்டும். 108 மாதம்! 2025ல் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் முக்கால் பங்கு வண்டிக்கே போய்விடும். இதற்கு மேல் காப்புறுதி, சாலை வரி, டயர், எண்ணெய் மாற்றுவது எல்லாம் இருக்கிறது. கைச் சம்பளத்தை மட்டும் நம்பி வாங்கினால் வீட்டில் உலை கொதிக்காது. வண்டி தன் தவணையைத் தானே உழைத்துக் கட்டுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

டீசல் கதையை மறந்துவிட முடியுமா? 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரேயடியாக 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. சபா, சரவாக்கில் பழைய விலையே இருந்தது. அதற்குப் பிறகு விலை ஏறவும் செய்தது, இறங்கவும் செய்தது. அன்றைய உயர்வை வைத்துப் பார்த்தால் 80 லிட்டர் டாங்கி ஒன்றுக்கு 96 வெள்ளி கூடுதல். மாதம் நான்கு டாங்கி ஓட்டுகிறவருக்கு 384 வெள்ளி. அரசாங்கம் அப்போது பூடி மடானி திட்டத்தில் மாதம் 200 வெள்ளி உதவி கொடுத்தது. ஆண்டு வருமானம் ஒரு லட்சம் வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் அது கிடைத்தது. இரண்டு டாங்கிக்கு அது சரியாகப் போச்சு, மற்றது நம் பையிலிருந்துதான். 2025 செப்டம்பர் 30ல் மைகார்டு காட்டி 1 வெள்ளி 99 காசுக்குப் பெட்ரோல் போடலாம் என்று வந்த சலுகையோ ரோன் 95 பெட்ரோலுக்கு. பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை டீசல் குடிப்பவை. அந்தச் சலுகையால் இவர்களுக்கு என்ன லாபம்?

நம் கவலை எல்லாம் இன்னொரு விஷயத்தில்தான். 'சம்போங் பாயார்' என்று ஒரு வியாபாரம் நடக்கிறது. வங்கிக் கடனைக் கட்ட முடியாத ஒருவர், "எனக்கு ஐயாயிரம் கொடு, மீதித் தவணையை நீ கட்டிக்கோ" என்று வண்டியைக் கைமாற்றி விடுகிறார். வாங்குகிறவருக்கு வங்கிக்குப் போக வேண்டியதில்லை, சம்பளச் சீட்டு காட்ட வேண்டியதில்லை. சுலபமாக இருக்கிறதே என்று நம்மவர் விழுந்து விடுகிறார்கள். வண்டியின் பதிவு அவர் பெயரில், கடன் அவர் பெயரில், பணம் மட்டும் உங்கள் கையிலிருந்து! கடன் முடியும்வரை வண்டி வங்கிக்குச் சொந்தம். வங்கிக்குத் தெரியாமல் கைமாற்றுவதைச் சட்டம் ஏற்காது. நீங்கள் கொடுக்கும் பணத்தை அவர் வங்கியில் கட்டாமல் விட்டால் ஒருநாள் விடியற்காலையில் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ரசீது எங்கே என்று யாரிடம் போய்க் கேட்பீர்கள்? விபத்து நடந்தால் காப்புறுதியிலும் சிக்கல். வண்டி உங்கள் பெயரில் இல்லாததால் மேலே சொன்ன டீசல் உதவிக்கும் வழியில்லை.

இன்னொன்று ஜாமீன். அண்ணன் மகனுக்காக, மச்சானுக்காகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நம்மிடையே அதிகம். "சும்மா ஒரு கையெழுத்து தானே மாமா" என்று கேட்டால் இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது. அந்தக் கையெழுத்து சும்மா இல்லை. அவன் கட்டாவிட்டால் வங்கி உங்கள் வாசலுக்கு வரும்.

சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்பும் உண்டு. 1967ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டப்படி, அடுத்தடுத்து இரண்டு மாதத் தவணை தவறினால்தான் வண்டியைப் பறிமுதல் செய்ய முடியும். அதற்கும் 21 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வண்டி விலையில் நூற்றுக்கு 75க்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தொடக் கூடாது. இது தெரியாமல் சாவியை எடுத்து நீட்டிவிடுகிறார்கள் நம் ஆட்கள்.

சரி, பழைய வண்டி வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம், நல்ல யோசனைதான். ஆனால் உரம் ஏற்றிய வண்டியின் தட்டும் சட்டமும் அடியில் துரு தின்றிருக்கும். மேலே பெயிண்ட் பளபளக்கும். குனிந்து அடியில் பாருங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேறு படிந்த கோடு தெரிந்தால் வேண்டாம் என்று திரும்பி விடுங்கள். கூட ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போனால் இன்னும் நல்லது. வேலைக்குத்தான் என்றால் நான்கு கதவு எதற்கு? அதன் தட்டு ஏறக்குறைய 5 அடிதான். இரண்டு கதவு வண்டிக்கு 7 அடிக்கு மேல் இருக்கும், விலையும் குறைவு. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி மலைக்காட்டுக்கு வேண்டும். தார்ச்சாலையில் புல் வெட்டப் போகிறவருக்கு அது வீண் செலவு.

பின் தட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்கும் குளிக்கவும் போகிறார்களே, அதைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். தட்டு சரக்குக்காகச் செய்தது. ஒரு சடன் பிரேக் போட்டால் பிடித்துக்கொள்ள அங்கே என்ன இருக்கிறது? லோரியில் மாடுகளைப் போல ஏற்றினார்களே என்று தோட்ட நிர்வாகத்தின் மீது நாம் குறைப்பட்டோம். சொந்த வண்டி வந்த பிறகு நம் பிள்ளைகளை நாமே அப்படி ஏற்றுவது என்ன நியாயம்?

கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்கள் இடத்தையும் பார்க்க வேண்டும். 2022 டிசம்பர் 16ல் பத்தாங் காலியில் மண் சரிந்து முகாமில் உறங்கிய 31 பேர் மாண்டார்கள். சரிவுக்குக் கீழே, ஆற்றங்கரையில், மழைக்காலத்தில் எந்த வண்டி இருந்தும் பயனில்லை.

கடைசியாகக் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒப்பந்தம் மலாயிலோ ஆங்கிலத்திலோ தான் இருக்கும். படித்த மகனையோ மகளையோ கூட்டிப் போங்கள். விலை, முன்பணம், வட்டி, மாதத் தவணை நான்கும் எழுதியிருக்கிறதா என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். "கையெழுத்து மட்டும் போடுங்க அண்ணே, மத்ததை நாங்க எழுதிக்கிறோம்" என்று வெறும் பாரத்தை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் உள்நாட்டு வாணிப அமைச்சின் மாநில அலுவலகத்தில் புகார் செய்யலாம். போகும்போது ஒப்பந்தத்தின் நகலும் கட்டிய ரசீதுகளும் கையில் இருக்கட்டும்.