கேள்வி-பதில்: ஐப்பசி, கார்த்திகையில் கடல் தொழிலுக்குப் பணம் கொடுக்கலாமா?

“எங்களுக்கு லால்குடி பக்கம் இரண்டு ஏக்கர் நஞ்சை. இந்த ஆண்டு சம்பா நட்டு முடித்துவிட்டோம். மகள் விரும்பி, கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு பக்கத்தில் ஒரு மீனவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். மருமகன் உழைப்பாளி, குடிப்பழக்கம் கிடையாது. பைபர் படகின் இன்ஜினை மாற்றவும் புது வலை வாங்கவும் ஒன்றேகால் லட்சம் கேட்கிறார். ‘மழைக்காலத்தில்தான் மீனுக்கு விலை, தை மாதத்துக்குள் திருப்பித் தந்துவிடுகிறேன்’ என்கிறார். மகளோ காற்று அடித்தால் பயந்துபோய் போன் செய்கிறாள். நகையை அடகு வைத்துத்தான் கொடுக்க முடியும். கொடுக்கலாமா? இந்த மாதங்களில் கடலில் மீன் கிடைக்குமா?”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், லால்குடி.

ஐயா, மருமகன் சொல்வது பொய்யில்லை. மகள் பயப்படுவதும் வீணில்லை. இரண்டும் ஒரே கடலைப் பற்றிய பேச்சுதான். பணத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன், அந்தக் கடல் இப்போது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

புரட்டாசி வரை நம் கிழக்குக் கரையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும். விடியற்காலையில் கரையை ஒட்டிய கடல் அடங்கிக் கிடக்கும். புரட்டாசிக் கடைசியில் காற்று திசை மாறுகிறது. சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். அதன்பிறகு வாடைக்காற்று கடலிலிருந்து கரையைப் பார்த்து நேராக அடிக்கும். கரையோரம் ஓடும் நீரோட்டமும் இந்த மாதங்களில் வடக்கிலிருந்து தெற்காகத் திரும்பி வேகமாக ஓடும். மிதக்கவிட்ட வலையை அது இழுத்துக்கொண்டு போகும். பக்கத்துப் படகின் வலையோடு சிக்கிக் கிழிவதும் உண்டு.

பழையாறு போன்ற இடங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு, அது நம் ஊர் வழியாகவே போகிறது. மேட்டூர் நிரம்பி உபரி நீர் திறந்தால், முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடத்தில் இறங்கி, லால்குடியைத் தாண்டி, அணைக்கரை வழியாகக் கடலுக்குப் போய்ச் சேரும். 2022 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் கடைமடையில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு போன்ற ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது பலருக்கும் நினைவிருக்கும். அப்படி வரும் தண்ணீர் மரக்கட்டை, ஆகாயத்தாமரை, மூங்கில் புதர் எல்லாவற்றையும் முகத்துவாரத்தில் கொண்டுபோய்த் தள்ளும். உள்ளிருந்து ஆற்று வெள்ளமும் வெளியிலிருந்து வாடை அலையும் மோதும் இடம் அது. மணல் திட்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நடுக்கடலில் தப்பித்த படகு முகத்துவாரத்தில் கவிழ்வது உண்டு என்று கடலோரத்தில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார்.

இனி மீன் விஷயம். தண்ணீர் கலங்கினால் மீன் இல்லாமல் போய்விடாது. வெள்ளத்தோடு வரும் வண்டலும் சத்தும் கரையோரக் கடலுக்கு எரு போட்ட மாதிரி. உப்பங்கழியில் வளர்ந்த இறால் புது வெள்ளத்தோடு கடலுக்கு இறங்கும். மடவை, கொடுவா போன்றவை ஆற்று வாயைச் சுற்றி வரும். கலங்கல் தண்ணீரில் வலை மீனின் கண்ணுக்குத் தெரியாது என்பதால் செவுள்வலையில் நன்றாக மாட்டும். இரண்டு மூன்று நாள் காற்றடித்து ஓய்ந்தபின் முதலில் போகும் படகுக்கு நல்ல பாடு கிடைப்பது இதனால்தான். மற்ற படகுகள் கரையில் கிடப்பதால் ஏலத்தில் விலையும் ஏறும்.

மருமகன் சொல்லும் ‘மழைக்கால விலை’ இதுதான். ஆனால் விலை ஏறக் காரணமே பலர் கடலுக்குப் போக முடியாததுதான். வாழைத்தார் விலை எப்போது ஏறுகிறது? காற்றில் பாதித் தோட்டம் சாய்ந்தபிறகு. தார் நின்றவருக்குத்தான் அந்த விலை, சாய்ந்தவருக்கு இல்லை. இந்த மழை மாதங்களை மீன்பிடிப்பு குறைந்த காலம் என்று கணக்கில் எடுத்து, மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. நல்ல வருமானக் காலமாக இருந்தால் நிவாரணம் எதற்கு?

புயல் கணக்கையும் பாருங்கள். நிஷா 2008 நவம்பரில் காரைக்கால் அருகே கரை கடந்தது. தானே 2011 டிசம்பர் 30-இல் கடலூர், புதுச்சேரியைப் புரட்டிப்போட்டது. கஜா 2018 நவம்பர் 16-இல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே வந்தது. நிவர் 2020 நவம்பரிலும், ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30-இலும் புதுச்சேரி அருகே கரை கடந்தன. எல்லாமே ஐப்பசிக் கடைசி முதல் மார்கழி வரைதான். நீங்கள் பணம் கொடுத்து, வட்டி ஓடத் தொடங்கும் மாதங்களும் அவையே.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நகையை அடகு வைத்து, தை மாதத் தவணை வைத்து, இப்போது கொடுக்காதீர்கள். மருமகன் ஏமாற்றிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. காரணம் வேறு. கடன் இல்லாத மீனவர், வானிலை எச்சரிக்கை வந்தால் படகைக் கரையில் ஏற்றிவிட்டு வலையைப் பழுது பார்ப்பார். மாமனாரிடம் தவணை சொல்லிவிட்டவரோ, ‘இன்று ஒரு நாள் போய்ப் பார்த்துவிடலாம்’ என்று நினைப்பார். நீங்கள் மனதால் ஒரு வார்த்தைகூட அவசரப்படுத்தாவிட்டாலும், அடகுக் கடை வட்டி அவசரப்படுத்தும். மகளின் பயத்துக்கு நாமே காசு போட்டதாக ஆகிவிடக்கூடாது.

அதற்காக ஒரேயடியாகக் கையை விரிக்கவும் வேண்டாம். நான் சொல்லும் வழி இது.

முதலில், மழை முடியும் வரை வீட்டுச் செலவுக்கு உதவுங்கள். உங்கள் வீட்டு நெல்லை அரைத்து இரண்டு மூட்டை அரிசி அனுப்புங்கள். அடுப்பு எரிந்தால் எச்சரிக்கை நாளில் படகு இறங்காது. அடகு வைக்காமல் உங்களால் செய்யக்கூடியதும் இதுவே.

இரண்டாவது, வலைக்கு மட்டும் மார்கழிக் கடைசியில் உதவலாம். படகு சும்மா கிடக்கும் நாட்களில்தான் வலை கட்டும் வேலை நடக்கும். தை பிறந்தால் காற்று படிப்படியாக அடங்கும், மாசி, பங்குனியில் கடல் நன்றாக அமைதிப்படும். புது வலை அப்போது இறங்கினால் முதல் நாளே வெள்ளக் கட்டையில் கிழியாது.

மூன்றாவது, இன்ஜினுக்கு அவரே வங்கியில் முயலட்டும். உங்களிடம் இருக்கும் கிசான் கடன் அட்டை 2018-19 முதல் மீனவர்களுக்கும் உண்டு. கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, படகுப் பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம் மூன்றையும் எடுத்துக்கொண்டு மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். மானியத் திட்டம் ஏதாவது நடப்பில் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இந்தத் தாள்கள் இல்லாத படகில் யாரும் பணம் போடக்கூடாது, அது மருமகன் படகாக இருந்தாலும்.

நான்காவது, அவரிடம் தனியாக, மரியாதையோடு இரண்டு கேள்வி கேளுங்கள். ஏற்கெனவே மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாரா? வாங்கியிருந்தால் பிடித்த மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டியிருக்கும், உங்கள் பணமும் அந்தக் கடனுக்குள் கரைந்துபோகலாம். வாங்கப்போவது என்ன வலை? சுருக்குமடி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2000 முதல் அதற்குத் தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக அனுமதித்ததும் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் மட்டும், பகல் நேரத்தில் மட்டும். சிறிய பைபர் படகுக்கு ஒத்துவராத வேலை அது.

ஐந்தாவது, கடந்த மூன்று ஆண்டில் மாதவாரியாக எத்தனை நாள் கடலுக்குப் போனார், டீசலும் ஐஸும் போக, ஆட்களின் பங்கும் போக, படகுக்கு என்ன நின்றது என்று எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பேச்சுக்கு, கார்த்திகையில் 10 நாளும் மாசியில் 24 நாளும் போகிறார் என்றால், தவணையை எந்த மாதத்தில் வைக்கவேண்டும் என்று அந்தத் தாளே சொல்லிவிடும். இன்னொரு கணக்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுக்கும் சிறிய பைபர் படகுக்கும் அந்தத் தடை இல்லை. பெரிய படகுகள் நிற்கும் அந்த நாட்களில் கரையோர மீனுக்கு விலை இருக்கும், உயிருக்குப் பயமும் குறைவு. ஆகவே நீங்கள் என்ன கொடுத்தாலும் திருப்பித் தரும் கெடுவை ஆனி மாதம் என்று வையுங்கள். சொந்தம்தானே என்று விடாமல் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பிற்பாடு மனக்கசப்பு வராமல் இருக்க அதுவே நல்லது.

மகளுக்குச் சொல்லவேண்டியது: சென்னை வானிலை ஆய்வு மையம் ‘மீனவர்களுக்கான எச்சரிக்கை’ என்று தனியாக வெளியிடுகிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், காற்று வேகம் ஆகியவற்றை முன்கூட்டியே சொல்கிறது. மீன் எங்கே கூடும் என்றும் செயற்கைக்கோள் வழியாகச் சொல்வார்கள், ஆனால் மேகம் மூடிய நாளில் அது கிடைக்காது. துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினால் புயல் சின்னம் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். தூரம்தானே என்று சிறு படகில் கிளம்பக்கூடாது. படகில் ஆளுக்கு ஒரு உயிர்காப்பு மேலங்கி கட்டாயம் இருக்கட்டும். நீங்கள் கொடுக்கும் முதல் பணம் அதற்கே போனாலும் தப்பில்லை. ஆபத்தில் கடலோரக் காவல்படையை அழைக்க 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. வீட்டுச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

உங்களாலும் ஒரு உதவி உண்டு. நம் ஊரில் கொள்ளிடம் கரை தொட்டு ஓடினால், அன்றே மருமகனுக்குப் போன் செய்யுங்கள். அந்தத் தண்ணீர் முகத்துவாரத்துக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் ஆகும். படகை மேட்டில் ஏற்றவும் வலையை எடுத்து வைக்கவும் அவருக்கு அந்த நேரம் போதும்.

“மழைக்காலத்தில் சந்தையில் கானாங்கெளுத்தி, மத்தி மலிவாகக் கிடைக்கிறது. சாப்பிட்ட சில நேரம் உடம்பெல்லாம் தடித்துச் சிவக்கிறது. மீன் ஒத்துக்கொள்ளவில்லையா?”

- வாசகி, மண்ணச்சநல்லூர்.

அம்மா, எப்போதும் அப்படி ஆகாமல் சில நேரம் மட்டும் ஆகிறது என்றால், மீனை ஐஸ் இல்லாமல் வைத்திருந்தது காரணமாக இருக்கலாம். கானாங்கெளுத்தி, மத்தி, சூரை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். முகம் சிவத்தல், தடிப்பு, தலைவலி, வயிற்றுப்போக்கு வரும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. கடற்கரையிலிருந்து நம் ஊருக்கு வர நேரம் ஆகிறது. மழையால் வண்டி தாமதமானால் பழைய மீனும் புதிய மீனும் ஒரே கூடையில் வந்துவிடும். கண் பளிச்சென்று மேடாக, செவுள் சிவப்பாக, அழுத்தினால் சதை குழி விழாமல் இருக்கவேண்டும். ஐஸில் வைத்து விற்பவரிடம் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் அன்று ஏரி மீன் வாங்குங்கள். எந்த மீன் சாப்பிட்டாலும் தடிப்பு வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

“கடல் மீன் கழிவில் மீன் அமிலம் தயாரித்துச் சம்பா நெல்லுக்குத் தெளிக்கலாமா? உப்பு ஏறாதா?”

- வாசகர், புள்ளம்பாடி.

தயாரிக்கலாம். கழிவை நன்றாக அலசினால் உப்பு பயப்படும் அளவில் இருக்காது. கருவாட்டுக் கழிவு மட்டும் வேண்டாம், அதில் உப்பு அதிகம். ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரை கலந்து, காற்றுப்புகாத பிளாஸ்டிக் வாளியில் நிழலில் மூடி வையுங்கள். 21 நாள் கழித்துத் தேன் போன்ற திரவம் கிடைக்கும், நாற்றம் இருக்காது. 10 லிட்டர் டேங்குக்கு 100 மில்லி போதும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மீன் அமிலம் தழைச்சத்து போல் பயிரைப் பச்சை கட்ட வைக்கும். வானம் நாள் கணக்கில் மூடியிருக்கும்போது பயிர் அதிகம் கொழுத்தால் குலைநோயும் இலைச்சுருட்டுப் புழுவும் தேடி வரும். ஏற்கெனவே யூரியா போட்டிருந்தால் இப்போது தெளிக்க வேண்டாம். மழை விட்டு, இரண்டு நாள் வெயில் அடித்தபின், இலை வெளுத்திருந்தால் மட்டும் மாலையில் தெளியுங்கள். மழைக்கு முன் தெளித்தால் அவ்வளவும் வாய்க்காலில்தான் போகும்.