குண்டுச்சட்டிக்குள் ஒரு சொகுசுக் கப்பல்

அமெரிக்காவின் மயாமியில் ஏறி, கரீபியன் கடலை ஒரு வாரம் சுற்றிவிட்டு மயாமியிலேயே இறங்கும் க்ரூஸ் பயணிகளில் ஒரு தனி ரகம் உண்டு. பத்துப் பதினைந்து முறை போய்வந்தவர்கள். நாசோவில் எந்தக் கடையில் எந்தக் கலர் டி-ஷர்ட் தொங்கும் என்பது வரை அவர்களுக்கு மனப்பாடம். கோசுமெல், செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின் எல்லாம் பக்கத்துத் தெரு மாதிரி. ஒரு கட்டத்தில் அலுத்துப்போகிறது. அப்போது அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அடுத்த தடவை எந்தக் கம்பெனிக்கு மாறலாம்?"

கேள்வியே தப்பு. கம்பெனியை மாற்றினால் சாப்பாடு மாறும், நீச்சல்குளத்துச் சறுக்குமரம் மாறும், ராத்திரி ஆட்டம்பாட்டம் மாறும். துறைமுகம் மாறாது. பழைய கள், புது மொந்தை. இது நன்றாகத் தெரிந்துகொண்டே மொந்தையை மட்டும் மாற்றி மாற்றி விற்பதுதான் இந்தத் தொழிலின் சாமர்த்தியம்.

முதலில் மொந்தைகள் யாருடையவை என்று பார்த்துவிடலாம். கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, கூனார்ட், சீபோர்ன், கோஸ்டா, ஐடா - இத்தனை பெயரும் கார்னிவல் கார்ப்பரேஷன் என்கிற ஒரே முதலாளியின் கல்லாப்பெட்டிக்குள் அடக்கம். ராயல் கரீபியன், செலிபிரிட்டி, சில்வர்சீ மூன்றும் இன்னொரு குழுமம். நார்வீஜியன், ஓஷியானியா, ரீஜென்ட் மூன்றும் வேறொரு குழுமம். இவற்றுக்கு வெளியே பெரிய கை என்றால் ஜெனீவாவிலிருந்து இயங்கும் எம்.எஸ்.சி., அப்புறம் டிஸ்னி. "கார்னிவலே வேண்டாம், இனிமேல் பிரின்சஸ்தான்" என்று கோபித்துக்கொண்டு கிளம்புகிறவர் வாசல் வழியாக வெளியேறி, கொல்லைப்புறம் வழியாக அதே வீட்டுக்குள் நுழைகிறார்!

சரி, முதலாளியையே மாற்றினால்? அப்போதும் ஊர் மாறாது. அதற்கு மூன்று காரணங்கள். மூன்றுக்கும் கப்பலில் எழுதியிருக்கும் பெயருக்கும் சம்பந்தமே இல்லை.

முதல் காரணம் சட்டம். 1886-ல் வந்த ஓர் அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி ஏற்றிய கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக்கூடாது. பெரிய க்ரூஸ் கப்பல்கள் ஏறத்தாழ எல்லாமே பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற வெளிநாட்டுக் கொடி ஏற்றியவை. ஆகவே அமெரிக்காவில் கிளம்பி அங்கேயே திரும்ப வேண்டுமென்றால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் நின்றே ஆகவேண்டும். மயாமியிலிருந்து கைக்கெட்டும் வெளிநாடு எது? சுமார் 300 கி.மீ. தள்ளியிருக்கும் நாசோ. சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகும் கப்பல் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நேரம் எட்டிப் பார்ப்பதும் இதே கணக்கில்தான்.

இரண்டாவது கடிகாரம். இந்தக் கப்பல்கள் முழு வேகத்தில் போனாலே மணிக்கு 40 கி.மீ. சுமார்தான். மயாமியிலிருந்து பார்படாஸ் நேர்கோட்டிலேயே 2,500 கி.மீ.க்கு மேல். போக இரண்டரை நாள், வர இரண்டரை நாள். ஏழு இரவுப் பயணத்தில் மிச்சம் என்ன இருக்கும்? வேகத்தைக் கூட்டலாமே என்றால் எரிபொருள் செலவு கழுத்தைப் பிடிக்கும். கப்பலின் வேகத்தை இரண்டு மடங்காக்க இயந்திரத்தின் சக்தி ஏறத்தாழ எட்டு மடங்கு வேண்டும். மெதுவாகப் போய்ப் பக்கத்திலேயே நின்றால் லாபம். அதிலும் கப்பலின் சூதாட்டக்கூடமும் தீர்வையில்லாக் கடைகளும் துறைமுகத்தில் நிற்கும்போது பொதுவாக மூடியிருக்கும், கடலில் போகும்போதுதான் திறக்கும். சாவகாசமாக மிதப்பதில் கம்பெனிக்கு இரட்டைச் சந்தோஷம்.

மூன்றாவது உருவம். 1970-ல் ராயல் கரீபியனின் முதல் கப்பலான சாங் ஆஃப் நார்வே ஏற்றியது 724 பேரை. அதே கம்பெனி 2024-ல் இறக்கிய ஐகான் ஆஃப் த சீஸ், அறைக்கு இருவர் என்ற கணக்கிலேயே 5,610 பேரை ஏற்றுகிறது. நீளம் 365 மீட்டர். இதைக் கட்டி நிறுத்த எத்தனை தீவுகளில் மேடை இருக்கும்? இருக்கிற சில ஊர்களில்தான் எல்லோரும் வரிசை கட்டி நிற்க வேண்டும். கப்பல் பெருக்கப் பெருக்க உலகம் சுருங்குகிறது.

பயணிகளின் அலுப்பு முதலாளிகளுக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்துதான் வேடிக்கை. புது ஊருக்குக் கூட்டிப்போவதற்குப் பதிலாக, ஊரே இல்லாத இடத்துக்குக் கூட்டிப்போவது! பஹாமாஸில் நார்வீஜியன் 1977-லேயே கிரேட் ஸ்டிரப் கே என்ற தீவை வாங்கியது. டிஸ்னி 1998-ல் காஸ்டவே கே திறந்தது. 2019-ல் ராயல் கரீபியன் கோகோகே தீவில் 25 கோடி டாலர் கொட்டி நீர்ச்சறுக்குப் பூங்கா கட்டியது. அதே ஆண்டு எம்.எஸ்.சி.யின் ஓஷன் கே. 2024-ல் டிஸ்னிக்கு இன்னொரு கடற்கரை. 2025-ல் கார்னிவலின் செலிபிரேஷன் கீ. அத்தனையும் பஹாமாஸ்தான்.

இதில் உச்சக்கட்ட நகைச்சுவை ஒன்று உண்டு. ராயல் கரீபியனின் கோகோகேயும் நார்வீஜியனின் கிரேட் ஸ்டிரப் கேயும் அடுத்தடுத்த தீவுகள். ஏறத்தாழக் கூப்பிடு தூரம். ராயல் அலுத்துப்போய் நார்வீஜியனுக்கு மாறுகிறவர், போன வருஷம் படுத்திருந்த மணலைப் பக்கத்துத் தீவிலிருந்து எட்டிப் பார்க்கலாம் :-)

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக மட்டும் இருந்தால் பரவாயில்லை. வணிகவியல் முதலாண்டுப் பாடம் படித்தவருக்கே இந்தக் கணக்கு புரியும். கப்பல் நாசோவில் நின்றால், பயணியின் பையிலிருந்து இறங்கும் பணத்தில் ஒரு பங்கு டாக்சிக்காரருக்குப் போகும், ஓலைக்கூடை விற்கும் அம்மாவுக்குப் போகும், சங்குச்சதை சாலட் நறுக்கித் தருபவருக்குப் போகும். சொந்தத் தீவில் நின்றால் குடை வாடகை, பானம், சறுக்குமரச் சீட்டு எல்லாமே பெரும்பாலும் கம்பெனிக் கணக்கில் ஏறும். உள்ளூர்க்காரருக்கு அங்கே வேலை கிடைக்கிறது, அரசுக்கு வரி கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் கடை வைத்திருந்தவர் சம்பளக்காரர் ஆகிறார். பேரம் பேசும் பலம் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்கிறது.

ஊர் வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட் சாட்சி. 2020 நவம்பரில் அந்தச் சின்ன ஊர் மக்கள் வாக்களித்து, 1,300 பேருக்கு மேல் கொள்ளும் கப்பல் வேண்டாம், ஒரு நாளைக்கு 1,500 பேருக்கு மேல் இறங்க வேண்டாம் என்று பெரும்பான்மையோடு தீர்மானித்தார்கள். 2021-ல் மாநில அரசு ஒரு சட்டம் போட்டு அந்த வாக்கெடுப்பைச் செல்லாததாக்கியது. பயணிக்கு அலுப்பு, ஊர்க்காரருக்கு மூச்சுமுட்டல். இரண்டு பேருமே நெரிசலைத்தான் சொல்கிறார்கள். கம்பெனி இருவரையும் கேட்டுக்கொள்கிறது, பதிலுக்கு இன்னும் பெரிய கப்பல் கட்டுகிறது.

"நாங்கள் ஊருக்காகப் போகவில்லை, கப்பலுக்காகத்தான் போகிறோம்" என்று சொல்பவர்கள் உண்டு. நேர்மையான பதில். அவர்கள் எந்தக் கம்பெனியில் வேண்டுமானாலும் ஏறட்டும், யாருக்கும் வழக்கு இல்லை. ஆனால் அலுப்பு ஊரைப் பற்றியது என்றால், பார்க்க வேண்டியது லோகோவை அல்ல. எங்கே ஏறுகிறோம், எத்தனை இரவு, எத்தனை பேர் கப்பல், நிற்கும் இடம் ஊரா அல்லது கம்பெனி மணல்திட்டா - இந்த நான்கைத்தான்.

உதாரணத்துக்கு, மயாமியை விட்டுவிட்டு புவெர்டோ ரிகோவின் சான் ஹுவானில் ஏறினால், அதே கம்பெனியின் ஏழு இரவுப் பயணத்திலேயே ஆன்டிகுவா, டொமினிகா, செயின்ட் லூசியா, பார்படாஸ் என்று கிட்டத்தட்ட தினமும் ஒரு புது ஊர் வாய்க்கும். கிளம்பும் இடம் ஆயிரத்து அறுநூறு கி.மீ.க்கு மேல் தள்ளிப்போனதால் மட்டுமே நடக்கும் மாயம் அது. வசந்தகாலத்தில் கரீபியனிலிருந்து ஐரோப்பாவுக்கு இடம்பெயரும் கப்பல்கள் இருக்கின்றன. அதே கப்பல், அதே சமையல், ஆனால் அசோர்ஸ் தீவும் லிஸ்பனும் வழியில் வரலாம்.

சின்னக் கப்பல் என்றால் செலவு அதிகம் என்ற ஆட்சேபம் நியாயமானது. சுமார் 227 பேரே ஏறும் ராயல் கிளிப்பர் பாய்மரக் கப்பல், பெரிய மேடை இல்லாத தீவுகளிலும் நங்கூரம் போட்டுப் படகில் இறக்கிவிடும். விலை ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கு ஆகும். உண்மைதான். அப்படியானால் வருஷத்துக்கு இரண்டு தடவை நாசோவுக்குப் போகும் பணத்தைச் சேர்த்து, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வேறு எங்காவது போகலாமே! எத்தனை தடவை என்ற எண்ணிக்கையை நல்ல பயணம் என்று நம்பவைத்தது விசுவாசப் புள்ளித் திட்டங்கள். வைர அட்டை, பிளாட்டின அட்டை என்று கொடுத்து, அலுத்தவரையும் அதே வண்டியில் கட்டிவைக்கும் மூக்கணாங்கயிறு அது.

நார்வேயில் 1893 முதல் ஓடும் கடலோரக் கப்பல் சேவையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெர்கனிலிருந்து கிர்க்கெனஸ் வரை 34 துறைமுகங்கள். இன்று அந்தத் தடத்தை இரண்டு கம்பெனிகள் பகிர்ந்து ஓட்டுகின்றன. சரக்கும் ஏறும், பக்கத்து ஊருக்குப் போகும் உள்ளூர்க்காரரும் ஏறுவார். நள்ளிரவில் அரைமணி நேரம் மட்டும் நிற்கும் ஊர்கூட உண்டு. அங்கே கப்பல் ஊருக்காக ஓடுகிறது, பயணி கூடச் சேர்ந்துகொள்கிறார். கரீபியனில் கப்பலுக்காக ஊர் கட்டப்படுகிறது.

குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறவர் குதிரையை எத்தனை தடவை மாற்றினாலும் பயனில்லை. சட்டியை விட்டு இறங்க வேண்டும். அது வரைக்கும் எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வது, அந்தக் கம்பெனிகளுக்கு இலவசமாகச் செய்துதரும் விளம்பரம்.