கேட்ட பிறகு கொடுத்தால் போதும்!

சோம்பல் கெட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது வழக்கம். ஆனால் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவோரிடையே ஒருவகைச் சோம்பலுக்கு நல்ல பெயர் உண்டு. தேவைப்படும்போது மட்டும் கணக்கிடுவதை அவர்கள் "சோம்பல் முறை" என்றே அழைக்கிறார்கள்.

ஓட்டலில் தோசை எப்போது வார்க்கப்படுகிறது? ஆள் வந்து கேட்ட பிறகு. நூறு பேர் வரக்கூடும் என்று விடியற்காலையிலேயே நூறு தோசை வார்த்து அடுக்கி வைக்கிறவர் உண்டா? ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம்கள் பலவற்றில் நடப்பது அதுதான்!

ஒரு சிறு கணக்கு. 1 முதல் 1,00,000 வரையுள்ள எண்களில் இரட்டைப்படை எண்களைப் பொறுக்கி, வர்க்கம் கண்டு, முதல் 10 விடைகளை மட்டும் காட்ட வேண்டும். வழக்கமான முறையில் ஒரு லட்சம் எண்களும் சோதிக்கப்படும். 50,000 எண்களுக்கு வர்க்கம் காணப்படும். ஆக 1,50,000 வேலை. நடுவில் இரண்டு பெரிய பட்டியல்கள் நினைவகத்தை அடைத்துக்கொள்ளும். பத்தை எடுத்ததும் மீதியெல்லாம் குப்பைக்கு!

சோம்பல் முறையிலோ விடைகள் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கப்படும். 20 எண்களைச் சோதித்து, 10 வர்க்கங்கள் கண்டதும் வேலை நின்றுவிடும். மொத்தம் 30!

2015-ஆம் ஆண்டு மொழித் தரத்திலேயே இதற்கான "ஜெனரேட்டர்" வந்துவிட்டது. ஒரு விடையைக் கொடுத்து நின்றுகொள்ளும். அடுத்ததைக் கேட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். "மேப்", "ஃபில்டர்", "டேக்" என்ற துணைகளும் 2025-ஆம் ஆண்டுத் தரத்தில் சேர்ந்துவிட்டன. இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை.

எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்பதும் தவறு. பட்டியல் சிறியது, அதுவும் முழுவதும் வேண்டும் என்றால் பழைய முறையே சிக்கனம். ஒவ்வொரு தடவை கேட்பதற்கும் ஒரு கூலி உண்டல்லவா? ஏறுவரிசையில் அடுக்க எல்லா எண்களும் கைக்கு வந்தாக வேண்டும். தீர்ந்துபோன ஜெனரேட்டர் மறுபடி எதையும் தராது. முடிவில்லாத தொடரை முழுப் பட்டியலாக்கச் சொன்னாலோ, புரோகிராம் கரை சேராது!

புரோகிராம் எழுதுகிறவரின் மேஜையில் வேகமான இயந்திரம் இருக்கும். ஆனால் அது ஓடப்போவது யாரோ ஒருவருடைய மலிவான செல்போனில். வீண் வேலைக்குப் பாட்டரியையும் பொறுமையையும் செலவழிப்பவர் அவரே. ஆகவே, எழுதுமுன் "எத்தனை வேண்டும்?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. கொஞ்சம் போதுமானால், கேட்கும் வரை மாவு பாத்திரத்திலேயே இருக்கட்டும்!