தூக்கமும் மூளைச் சலவையும்

விஞ்ஞானத்தின் பெயரால் வரும் எதனையும் வினாவின்றி ஏற்றுக்கொள்ளுதல் விஞ்ஞான நோக்காகாது. பழைய நம்பிக்கையின் பீடத்திற் புதிய நம்பிக்கையொன்றை ஏற்றிவைப்பதே அது. 'தூங்கும்போது மூளை தன்னைத்தானே கழுவிக்கொள்கின்றது. தூங்காதவன் மறதிநோயை விலைகொடுத்து வாங்குகிறான்' என்னும் கூற்று இன்று படித்தவர் நடுவிலும் ஐயமற்ற உண்மையாக வழங்குகின்றது. அதன் வரலாற்றை நோக்குவோர், ஒரு கருதுகோள் எத்துணை விரைவில் வேதவாக்காக்கப்பட்டது என்பதை உணர்வர்.

அமெரிக்காவின் றொசெஸ்ரர் பல்கலைக்கழக நரம்பியல் ஆய்வாளரான மைக்கன் நெடர்கார்ட்டும் அவர்தம் குழுவினரும், மூளையமுண்ணாண் பாய்பொருள் இரத்தக்குழாய்களை அண்டிய இடைவெளிகள் வழியே மூளையினுட் புகுந்து கழிவுகளை அகற்றுகின்றது என 2012 இல் எடுத்துரைத்தனர். அவ்வொழுங்கிற்குக் 'கிளிம்பற்றிக் தொகுதி' எனப் பெயருமிட்டனர். 2013 இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான அவர்களது கட்டுரை, தூங்கும் சுண்டெலியின் மூளையிற் கலங்களுக்கு இடைப்பட்ட வெளி ஏறத்தாழ 60 சதவீதம் விரிவதாகவும், அல்சைமர் நோயுடன் தொடர்புடைய அமிலோயிட் பீற்றா என்னும் புரதக்கூறு இருமடங்கு விரைவில் அகல்வதாகவும் கூறிற்று. சிறந்த ஆய்வு, துணிவான கருதுகோள். ஆயின், பகலிலே துண்டு துண்டாகத் தூங்கும் சுண்டெலிக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பத்திரிகைகள் ஒரே தலைப்பிற் கடந்துவிட்டன.

2024 இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் நிக்கலஸ் ஃபிராங்ஸ் குழுவினர் 'நேச்சர் நியூறோசயன்ஸ்' இதழில் நேரெதிரான முடிவை வெளியிட்டனர். சுண்டெலியின் மூளையிற் செலுத்தப்பட்ட சாயம், விழித்திருக்கையிலும் பார்க்கத் தூக்கத்திலும் மயக்கநிலையிலும் மெதுவாகவே அகன்றது. நெடர்கார்ட் அவ்வாய்வின் முறையைக் கண்டித்தார். 2025 இல் அவர்தம் குழுவினர் 'செல்' இதழில் மற்றுமொரு சான்றை முன்வைத்தனர்: தூக்கத்தில் நோர்எபிநெப்ரின் அளவின் மெதுவான ஏற்றவிறக்கமே பாய்பொருளை உந்துகின்றது, சொல்பிடெம் என்னும் தூக்கமாத்திரை அதனைக் குன்றச்செய்கின்றது. ஆய்வாளரிடையே வழக்கு முடியவில்லை. எம்மிடையேயோ தீர்ப்பு எப்போதோ எழுதப்பட்டுவிட்டது!

'நன்மை பயக்கும் நம்பிக்கைதானே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்பாருமுளர். இரவுக் கடமை புரியும் தாதியையும் காவலாளியையும் ஆலைத் தொழிலாளியையும் அவர்கள் எண்ணிப் பார்த்தாரல்லர். வேலைநேரத்தையும் வேதனத்தையும் பற்றி எழவேண்டிய வினா, இங்கே தனிமனிதனின் ஒழுங்கீனமாக மாற்றப்படுகின்றது. தாயின் மறதிநோயைச் சுமக்கும் மகன், 'அவள் அன்றே தூங்கியிருக்கலாமே' என்னும் பழியையும் சுமக்கவேண்டியவனாகிறான். பிரித்தானிய அரச ஊழியர் ஏறத்தாழ 8,000 பேரை 25 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி 2021 இல் வெளியான ஆய்வு, நடுவயதிலிருந்து தொடர்ந்து குறைவாகத் தூங்கியோருக்கு மறதிநோய் வாய்ப்பு 30 சதவீதம் மிகுதியெனக் கண்டது. கவனத்திற் கொள்ளற்பாலதே. எனினும் தொடர்பு வேறு, காரணம் வேறு. அல்சைமர் நோயே தூக்கத்தைக் குலைக்கவும் வல்லது.

தூக்கம் வேண்டாமென்பதன்று எமது வாதம். தூக்கம் குன்றின் கவனமும் நினைவும் குன்றும் என்பது பலகால் நிறுவப்பட்டது. அதற்குச் சலவைக் கதை துணைவேண்டுவதில்லை.

உருவகத்தை உருவகமென்று இனங்காணுதல் கலைப்பீடத்தாரின் தொழில். 'கழுவுதல்' என்பது ஆய்வுகூடத்தில் ஓர் உருவகமாகவே பிறந்தது; சந்தையில் அஃது உண்மையென விற்கப்பட்டபோது, 'விஞ்ஞானம் எமது துறையன்று' எனக் கூறி நாம் வாளாவிருந்தோம். அவ்வடக்கம் அடக்கமன்று, கடமை தவறுதல். மூளை தூக்கத்திற் கழுவப்படுகின்றதா என்பதை ஆய்வாளர் தீர்க்கட்டும். விழித்திருக்கும்போதே அது சலவை செய்யப்படக்கூடும் என்பதற்கு நாமே சான்றாக நிற்கின்றோம்.