ஏழு நாடு, பத்து நாள்: இது தேனிலவா, பஸ் டிரிப்பா?

பெரம்பலூருக்கு ரயில் இல்லை. ரயில் ஏற வேண்டுமென்றால் முப்பது கிலோமீட்டர் தள்ளி அரியலூருக்கோ, இன்னும் தள்ளி திருச்சிக்கோதான் போக வேண்டும். அந்த ஊரிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள், கல்யாணம் நிச்சயமானதும் முதலில் தேடுவது சுவிட்சர்லாந்து மலை ரயிலைத்தான். இதில் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. பார்க்காததைப் பார்க்க ஆசைப்படுவது நியாயம். ஆனால் அந்த ஆசை பெரும்பாலும் போய் முடிவது ரயிலில் அல்ல, நாற்பது பேர் உட்காரும் டூர் பஸ்ஸில்.

‘ஐரோப்பா 10 நாள், 7 நாடு’ வகை பேக்கேஜ்களின் பயணத்திட்டத்தை எடுத்து வரிவரியாகப் படித்தால் விஷயம் விளங்கும். முதல் நாளும் கடைசி நாளும் விமானத்துக்கே போய்விடும். மீதி எட்டு நாளில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், கருங்காடு, லூசெர்ன், வெனிஸ், ரோம். இடையில் லிக்டன்ஸ்டைன் தலைநகர் வாடுஸில் ஒரு போட்டோ நிறுத்தம். அது ஒரு நாடு. ரோமில் வாட்டிகன், அது இன்னொரு நாடு. இப்படித்தான் ‘ஏழு’ கணக்குச் சேர்கிறது. ஐரோப்பியச் சட்டப்படி ஓர் ஓட்டுநர் ஒரு நாளில் வழக்கமாக 9 மணி நேரம் வரை பஸ் ஓட்டலாம். நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை 45 நிமிடம் ஓய்வு. சில நாட்கள் அந்த எல்லை வரைக்கும் ஓடும். காலை ஆறரைக்குப் பெட்டியை வாசலில் வைக்கணும், ஏழுக்கு டிபன், ஏழரைக்கு பஸ். புதுசாகக் கல்யாணமான இருவருக்கு இது எதற்கு?

நம் பக்கத்தில் இன்னொரு கூடுதல் காரணமும் உண்டு. இரண்டு மாவட்டங்களிலும் பெரும்பாலான கல்யாணங்கள் இன்றும் வீட்டில் பார்த்து முடிப்பவை. நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் போனில் பேசியிருப்பார்கள், நாலு தடவை நேரில் பார்த்திருப்பார்கள். கல்யாணம் முடிந்தால் மறுவீடு, குலதெய்வம் கோயில், விருந்து என்று வரிசை. இருவர் மட்டும், யாரும் கதவைத் தட்டாமல், நாலு நாள் சேர்ந்தாற்போல் இருப்பது அவர்கள் வாழ்க்கையிலேயே அநேகமாக இந்தப் பயணத்தில்தான். அதைப் போய் டூர் மேனேஜரின் விசிலுக்குக் கொடுப்பது பணத்தைவிடப் பெரிய நஷ்டம்.

மலை சொன்ன நேரத்துக்கு முகம் காட்டாது

அவசரப் பயணம் வேண்டாம் என்பதற்கு மிக வலுவான காரணம் வானிலை. யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையைக் குடைந்து போட்ட ரயில் பாதை 1912இல் அங்கே எட்டியது. டிக்கெட் விலை கையைக் கடிக்கும். அவ்வளவு கொடுத்து மேலே போய் மேகம் மூடியிருந்தால், ஜன்னலுக்கு வெளியே வெள்ளைச் சுவர்தான். பேக்கேஜில் அந்த மலைக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்கியிருப்பார்கள். அன்று மூடினால் மூடியதுதான், அடுத்த நாள் பஸ் இத்தாலிக்குப் போய்விடும்.

அதே இடத்தில் நாலு இரவு தங்குகிறவர்களுக்கு இந்தக் கவலை பாதி குறைந்துவிடும். காலையில் எழுந்ததும் சிகரத்தின் வெப்கேமராவை செல்போனில் பார்க்கலாம். எல்லா மலை ரயில் நிறுவனமும் இலவசமாகக் காட்டுகிறது. தெளிவாக இருந்தால் அன்றே டிக்கெட். மேகமாக இருந்தால் கீழே லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் நடக்கலாம். கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டாப்பாக் அருவி ஊர்த் தெருவிலிருந்தே தெரியும், பைசா செலவில்லை.

யுங்ஃப்ராவ்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. லூசெர்ன் ஏரிக்கரையிலுள்ள ரிகி மலை 1,798 மீட்டர்தான், ஆனால் சுற்றிலும் ஏரிகளும் தூரத்துப் பனிச்சிகரங்களும் தெரியும். 1871இல் ஐரோப்பாவின் முதல் மலை ரயில் ஓடியது இங்கேதான். ‘சுவிஸ் டிராவல் பாஸ்’ வைத்திருப்பவர்களுக்கு ரிகி பயணம் அதிலேயே அடக்கம். யுங்ஃப்ராவ்யோக் போக அதே பாஸில் தள்ளுபடி மட்டுமே. இந்த வித்தியாசம் தெரியாமல் ‘பாஸ் இருக்கே, எல்லாம் ஃப்ரீ’ என்று கிளம்பிப்போய் கவுன்டரில் முழிப்பவர்கள் உண்டு. பாஸ் 3, 4, 6, 8, 15 நாள் என்ற அளவுகளில் கிடைக்கிறது. ரயில், ஏரிக் கப்பல், மஞ்சள் நிற போஸ்ட் பஸ் எல்லாம் அதில் சேரும்.

பல் சக்கர ரயில் நமக்குப் புதுசும் இல்லை. மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயிலின் பழைய நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. 46 கிலோமீட்டர் ஏற அது கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் எடுக்கும். யாரும் லேட் என்று புலம்புவதில்லை. மெதுவாகப் போவதற்குத்தான் டிக்கெட்டே எடுக்கிறார்கள்.

மூன்று ஊர் போதும்

பன்னிரண்டு இரவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். சூரிச்சில் இறங்கி, ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் லூசெர்ன். அங்கே நாலு இரவு. அடுத்து இன்டர்லாக்கன் வழியாக வெங்கன் என்ற மலைக் கிராமத்தில் நாலு. அந்த ஊருக்குக் கார் போகாது, லாட்டர்புருன்னனிலிருந்து பல் சக்கர ரயிலில்தான் ஏற வேண்டும். பிறகு இத்தாலியில் கோமோ ஏரிக்கரையின் வரென்னாவில் மூன்று. கடைசி இரவு மிலன், அங்கிருந்தே விமானம். வெங்கனிலிருந்து வரென்னா போக ரயில் மாறி மாறி அரை நாளுக்கு மேல் ஆகும். அன்றைக்கு வேறெதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. வரென்னாவிலிருந்து எதிர்க்கரை பெல்லாஜியோவுக்குப் படகில் கால் மணி நேரம், மிலனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம்.

விமான டிக்கெட்டை ‘மல்டி சிட்டி’யாகப் போட வேண்டும்: போக சூரிச், வர மிலன். பலர் போகவும் வரவும் ஒரே ஊரில் போட்டுவிட்டு, கடைசி நாளை அந்த ஊருக்குத் திரும்பி ஓடுவதிலேயே கழிக்கிறார்கள்.

சுவிட்சர்லாந்து விலை ஜாஸ்தி, மறைக்க வேண்டியதில்லை. பட்ஜெட் இடித்தால் அதே மலை, அதே ஏரி ஆஸ்திரியாவிலும் இருக்கிறது, செலவும் குறைவு. வியன்னாவில் நாலு இரவு, சால்ஸ்காமர்குட் ஏரிப் பகுதியில் நாலு, சால்ஸ்பர்க்கில் மூன்று. வியன்னா–சால்ஸ்பர்க் ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். ஹால்ஷ்டாட் மட்டும் எச்சரிக்கை. ஆயிரம் பேர்கூட இல்லாத அந்த ஏரிக்கரை ஊருக்கு சீசனில் நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேர் வரை வருகிறார்கள். 2023 ஆகஸ்டில் ஊர்க்காரர்களே சாலையை மறித்துப் போராடினார்கள். பகல் பஸ்கள் கிளம்பிய பிறகு, சாயங்காலம் அங்கே இருப்பவர்களுக்குத்தான் அந்த ஊர்.

வெனிஸ் ஒரு படி மேலே போய்விட்டது. 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாட்களில் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. ஊரில் இரவு தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. ஓடிப்போய்ப் பார்ப்பவரையும் தங்கிப் பார்ப்பவரையும் அந்த ஊர்களே இப்போது பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டன.

அரியலூர்க்காரர்களுக்கு வியன்னாவில் ஒரு சின்ன ஒட்டும் உண்டு. அரியலூர், திருச்சிப் பகுதிப் பாறைகளில் கிடைத்த கடல்வாழ் உயிரினப் புதைபடிவங்களை 1860களில் விரிவாக ஆராய்ந்து தொகுத்த ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா, வியன்னாவில் பணியாற்றிவிட்டு 1862இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு வந்தவர். வாரணவாசி அருங்காட்சியகத்தில் சுருள் சுருளாகக் கல்லாகிக் கிடக்கும் அம்மோனைட்டுகள் ஆல்ப்ஸ் சுண்ணாம்புப் பாறையிலும் கிடைப்பவை. இரண்டு இடமும் ஒரு காலத்தில் கடல்.

ஆடிக்கும் தீபாவளிக்கும் நடுவே

தையில் கல்யாணம் முடித்துப் பத்தாவது நாள் பறக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பிப்ரவரியில் ஆல்ப்ஸ் பனிச்சறுக்கு ஆடுபவர்களுக்கானது. ஏரிக் கப்பல் குறைவு, மலைப் பாதைகள் பல மூடியிருக்கும். ஏப்ரலிலும் நவம்பரிலும் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பாவே விடுமுறையில் இருக்கும், விலை உச்சத்தில் நிற்கும். நமக்கும் அப்போது ஆடி. புதுப்பெண் அம்மா வீட்டில்.

செப்டம்பர்தான் சரியான மாதம். கூட்டம் வடிந்திருக்கும், வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், குளிர் ஒரு ஜாக்கெட்டோடு நின்றுவிடும். ஆடிச் சீர் முடிந்து தலை தீபாவளிக்கு முன்னால் திரும்பிவிடலாம். தை, வைகாசிக் கல்யாணக்காரர்களுக்கு இந்தக் காத்திருப்பில் இன்னொரு லாபம்: கல்யாணச் செலவின் புழுதி அடங்கி, கையில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

விசா என்னும் முதல் கணக்கு வழக்கு

29 நாடுகளுக்கு ஒரே ஷெங்கன் விசா. அதிக இரவு தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மேலே சொன்ன பயணத்துக்கு சுவிட்சர்லாந்து. கட்டணம் 2024 ஜூன் 11 முதல் ஆளுக்கு 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் திரும்பாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், 45 நாள் வரை இழுக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். லண்டனையும் சேர்க்கலாமே என்றால் அது ஷெங்கனில் இல்லை, விசா வேறு, செலவு வேறு.

பாஸ்போர்ட்டில் மணமகளின் பெயரோடு அப்பா பெயர் இருந்தால் அப்படியே இருக்கட்டும். கல்யாணம் ஆனதும் மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருந்தால் போதும். மாற்றத்தான் வேண்டும் என்றால், திருச்சி பாஸ்போர்ட் அலுவலக வேலையை முடித்த பிறகுதான் டிக்கெட் போட வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிட்டால், ஒருவர் செலவில் மற்றவர் பயணிப்பதாகக் காட்டும்போது அந்தச் சான்றிதழ் கைகொடுக்கும்.

விசாவுக்கு வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு, வருமான வரித் தாக்கல், லீவு கடிதம் எல்லாம் கேட்பார்கள். இங்கேதான் யாரும் பேசாத விஷயம் வருகிறது. பையனுக்கு எவ்வளவு கடன், பெண்ணின் சம்பளம் யார் கணக்குக்குப் போகிறது, மாதத் தவணை எத்தனை ஓடுகிறது என்பதெல்லாம் இருவரும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கும் முதல் சந்தர்ப்பம் பெரும்பாலும் இந்த விண்ணப்பம்தான். சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று வருஷம் கழித்து வீட்டுக்கடன் வாங்கும்போது தெரிவதைவிட இப்போது தெரிவது மேல். ‘மாமனார் பார்த்துப்பார்’ என்று விடுவதும், பர்சனல் லோன் போட்டுப் போவதும் இந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். தவணையில் போகும் தேனிலவைவிட, பணம் சேர்த்துக்கொண்டு அடுத்த செப்டம்பரில் போவது எவ்வளவோ நல்லது. பன்னிரண்டு இரவுக்குக் காசு இல்லையென்றால் ஏழு இரவு, இரண்டு ஊர் என்று குறைக்கலாம். ஊர்களைக் கூட்டி நாட்களைக் குறைப்பதுதான் கூடாது.

கிளம்பும் நேரத்துக்குச் சில விஷயங்கள். சமையலறை உள்ள அறை எடுத்தால் சாப்பாட்டுச் செலவு நன்றாகக் குறையும். சுவிஸ் சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கும், குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு போகலாம். பால், இறைச்சிப் பொருட்களுக்குத் தடை உண்டு. அம்மா கட்டிக்கொடுக்கும் நெய்யையும் பால்கோவாவையும் மட்டன் ஊறுகாயையும் விமான நிலையத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் அதே கதிதான். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை படிப்படியாக வந்திருப்பதால், முதலில் இறங்கும் விமான நிலையத்தில் வரிசை நீளலாம். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி சூரிச்சுக்கு மாறுவதாக இருந்தால் நடுவில் மூன்று மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடுவது நல்லது.