அயற்காடும் அண்டைக்காடும்

ஆப்பிரிக்கா சென்று சிங்கம் கண்டு திரும்புவது மலேசியத் தமிழருள் வசதி பெற்றோரிடையே இன்று ஒரு பெருமையாகிவிட்டது. மணவிழாவில் கூடினாலும் சங்கக் கூட்டத்தில் கூடினாலும், மாசாய் மாராவில் விடியற்காலையில் ஏறிய திறந்த வண்டி, செரெங்கெட்டிப் புல்வெளியில் திரண்டு சென்ற வில்டபீஸ்ட் மந்தை, குரூகரில் சாலையை மறித்து நின்ற யானை என்று பேச்சு நீள்கிறது. பயணக் கட்டுரைகளும் வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே வாய்பாட்டில் முடிகின்றன: மனிதக் கைபடாத இயற்கை அங்கேதான் உண்டு, நம் நாட்டுக் காட்டில் காண என்ன இருக்கிறது?

இவ்விரண்டு கூற்றும் பொய். முன்னது வரலாற்றுப் பொய். பின்னது, மந்தின் போன்ற ஊரின் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர் வாயிலிருந்து வரும்போது, நன்றி மறந்த பொய்.

கைபடாத இயற்கை என்பது எவ்வாறு உண்டாயிற்று? செரெங்கெட்டி 1951-இல் தேசியப் பூங்காவாயிற்று. அந்தப் புல்வெளியில் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்து வாழ்ந்த மாசாய் மக்கள் 1959-இல் அங்கிருந்து நிங்கொரொங்கொரோ பகுதிக்கு வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டில், செரெங்கெட்டி அழியலாகாது என முழங்கிய ஜெர்மானியத் திரைப்படம் ஒன்று வெளிவந்து உலகின் பாராட்டைப் பெற்றது. விலங்குகளுக்காக உலகம் கண்ணீர் விட்ட அந்த வேளையில் மேய்ப்பர்களுக்காகக் கண்ணீர் விட்டவர் எத்தனை பேர்? தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவை விரிவாக்க 1969-இல் மக்குலேக்கே மக்கள் பெயர்த்தெறியப்பட்டனர். நிலம் சட்டப்படி அவர்களிடம் மீண்டது 1998-இல்தான். மீட்ட நிலத்தை அவர்கள் உழுதுவிடவில்லை. விலங்குகளுக்கே விட்டுவைத்தனர் என்பதைப் பயணக் கட்டுரையாளர் எவரும் எழுதக் காணோம். தான்சானியாவின் லோலியொண்டோவில் எல்லைக்கல் நாட்ட வந்த காவலரோடு மாசாய் மக்கள் மோதியது 2022-இல். நெடுங்கால வரலாறு அன்று.

ஒரு மக்களினத்தின் கையை அகற்றிவிட்டு, பிறகு அதனைக் கைபடாத நிலம் என்று விற்கும் வணிகத்தை வேறு எவர் அறியாவிடினும் தோட்டத் தமிழர் அறிவர். பிராங் பெசார் தோட்டம் இன்று புத்ராஜெயா. நீலாயில் பால்மரம் நின்ற இடத்தில் கடைவீதியும் கல்லூரிகளும் நிற்கின்றன. 1998-இல் சிப்பாங்கில் திறக்கப்பட்ட பன்னாட்டு விமான நிலையம், தோட்டங்களும் தெமுவான் பழங்குடியினரின் குடியிருப்பும் இருந்த மண்ணில் எழுந்தது. மந்தினிலிருந்து புறப்பட்டு அந்த நிலையத்தில் நைரோபிக்கு விமானம் ஏறும் தமிழர், வெளியேற்றப்பட்ட ஒரு நிலத்தை மிதித்து, வெளியேற்றப்பட்ட மற்றொரு நிலத்தைக் கண்டு களிக்கச் செல்கின்றார். இதனை அவர் உணராமற் போவதே வியப்பு.

சாவோ என்னும் ஆற்றின் பெயரும் அவர் செவியில் விழுந்திருக்கும். 1898-இல் அவ்வாற்றின்மீது ரயில் பாலம் கட்டிய இந்தியக் கூலிகளை இரு சிங்கங்கள் இழுத்துச் சென்று தின்றன. சிங்கங்களைச் சுட்ட ஆங்கிலேய அதிகாரி புத்தகம் எழுதிப் புகழ் கொண்டார். சிங்கங்களும் பாடம் செய்யப்பெற்றுச் சிக்காகோ அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கின்றன. மாண்ட இந்தியர் 28 பேர் என்று அந்நூல் ஒரு தொகை கூறியது. மாண்ட ஆப்பிரிக்கர்க்கோ கணக்கே வைக்கப்படவில்லை. சுட்டவனுக்கும் பெயருண்டு, தின்ற சிங்கத்திற்கும் காட்சிக் கூடமுண்டு, தின்னப்பட்ட கூலிக்கு ஓர் எண் மட்டுமே. அக்கூலிகளுள் பலர் பஞ்சாபியரே, தமிழரல்லர் என்பது உண்மைதான். ஆயினும் இக்கதையைக் கேட்டுவிட்டுத் துப்பாக்கிக்காரரின் வீரத்தை மட்டும் வியந்து எழுதுகிறவர், தம் பாட்டன் எந்தப் பட்டியலில் எண்ணாக நின்றான் என்பதையும் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி இரண்டாவது பொய். நம் காட்டில் எதுவும் கண்ணில் படுவதில்லை என்கின்றனர். பட வேண்டிய இன்றியமையாமை காட்டுக்கு ஏது? செரெங்கெட்டி புல்வெளி, உணவு தரையிலேயே விளைகிறது, ஆதலின் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகள் வெட்டவெளியில் திரள்கின்றன. மழைக்காட்டில் இலையும் கனியும் நூறடிக்கு மேலே, கதிரொளி படும் உச்சியில் உள்ளன. கீழே நிழலும் ஈரமுமே. எனவே பெருவிலங்குகள் சிலவாய், தனித்தனியாய், இரவில் உலவுகின்றன. 4,343 சதுரக் கிலோமீட்டர் பரந்த தாமான் நெகாராவில் மூன்று நாள் நடந்தும் ஒரு குளம்படியை மட்டுமே கண்டு திரும்புவாருண்டு. ஆனால் அந்தக் குளம்படியைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அது ஒரு நூல். வண்டியை விட்டு இறங்காமலே சிங்கத்தைக் காட்டும் ஏற்பாட்டை வீரச் செலவு என்பவர், அட்டை கடிக்க நடப்பதை வீண் செலவு என்பது நகைப்புக்குரியது.

தாமான் நெகாரா 1938-39-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் அமைக்கப்பட்டது. அதற்கு அரும்பாடு பட்ட தியோடர் ஹப்பக், தொடக்கத்தில் யானையும் காட்டெருமையும் வேட்டையாடி 1905-இல் அதைப் பற்றியே நூல் எழுதியவர். பத்தேக் மக்கள் இன்றளவும் அக்காட்டினுள் வாழ்கின்றனர். குறைகள் பலவாயினும், மனிதரை முற்றும் துடைத்தெறியாத ஒரு பூங்கா நம்மிடமே உண்டு.

அவ்வளவு தொலைவும் வேண்டுவதில்லை. தித்திவங்சா மலைத்தொடரின் தென்கோடி நெகிரி செம்பிலானில்தான் இறங்குகிறது. மந்தினுக்குக் கிழக்கே தெரியும் நீலமலைகள் அதன் பகுதியே. அங்கே இருவாட்சி உண்டு. உங்காக் குரங்கின் காலைக் கூவல் உண்டு. முன்பாதி கறுத்து நடுவுடல் வெளுத்த தப்பிர் உண்டு.

அந்தக் காட்டின் அடிவாரத்தை ரப்பர்க் காடாக்கியவர் யார்? பெருமரங்களை வீழ்த்தியவருள் மலாய், சீன, சாவகக் குத்தகைக் குழுவினர் பலர். எரித்த நிலத்தில் கட்டை பெயர்த்து, வடிகால் வெட்டி, கன்று நட்டு, மலேரியாவில் மடிந்தவர் தமிழர். தோட்டம் முடிந்து காடு தொடங்கும் எல்லையில் முனியாண்டியை நிறுத்தியவரும் அவரே. இதற்கு அப்பால் போகாதே என்று சொல்லும் தெய்வம் அது. அச்சத்துக்குக் காரணங்கள் மேலும் குவிந்தன. 1942-43-இல் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழர் பல்லாயிரவரை அங்குள்ள காடு தின்றது. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். லயங்களைச் சுற்றி முள்வேலி. காட்டுப் பக்கம் சென்றவனைத் துப்பாக்கி கேள்வி கேட்டது. இத்தனைக்கும் பிறகு தோட்டத்து முதியவர் பேரனைக் காட்டுக்கு அனுப்ப அஞ்சினால் அவரைக் குறை கூறுவார் இலர். பழி கற்றவரைச் சேரும். பேரன் அச்சத்தை விட்டான். அறிவையும் சேர்த்தே விட்டான்.

தோட்டத்துப் பிள்ளைக்கு வேண்டுவது வேலையும் வீடும். காடு ஆடம்பரம் என வாதிடுவோர் உளர். வேலையும் வீடும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அண்டைக்காடு ஆடம்பரம் என்றால் அயற்காட்டுக்குப் பறப்பது எந்த வகைத் தேவை? மலைக்காடு நீரைப் பிடித்து வைப்பது. 2021 டிசம்பரில் சிலாங்கூரும் நெகிரி செம்பிலானும் வெள்ளத்தில் தத்தளித்தபோது, தாழ்ந்த நிலத்தில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்தோர் பட்ட பாடு எல்லாரும் அறிந்ததே.

காலமும் நீளமாக இல்லை. நாட்டின் இலச்சினையில் இரண்டு புலிகள் நிற்கின்றன. காட்டில் இருப்பவை 150-க்கும் குறைவு. மலேசியாவின் இறுதிக் காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் மாண்டது. அதற்கு இரங்கற்பா எழுதிய தமிழ்க் கவிஞர் எவரேனும் உண்டோ? குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்கியதை மேடைதோறும் மெச்சுகின்றோர், மெராந்தியையும் செங்காலையும் கெம்பாசையும் பிரித்தறிய மாட்டார். கபிலர் தம் மலையைத்தான் பாடினார். அயலான் மலைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போகவில்லை.

சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் சாலையிலேயே உலு பெண்டுல் காடு இருக்கிறது. 825 மீட்டர் உயர்ந்த அங்சி மலைக்கு அங்கிருந்தே வழி. ஒரு காலைப்பொழுதில் ஏறி இறங்கலாம். அங்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தமிழ்ப்பள்ளிகளும் இளைஞர் மன்றங்களும் வாடகைப் பேருந்து ஒன்றைத் தேடினால் போதும். உடன் வரத் தக்கவரும் இருக்கின்றனர். விடியுமுன் தலைவிளக்கோடு காட்டோரத்து நிரையில் மரம் வெட்டி, பன்றித் தடத்தையும் தப்பிர்த் தடத்தையும் ஈரமண்ணில் பிரித்துக் காண அறிந்த முதியோர் சிலர், மலிவு விலை அடுக்குவீடுகளின் மேல்மாடிகளில் இன்னும் உட்கார்ந்திருக்கின்றனர். அவர்களிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை.